தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது

மதினி,

உன்னுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை இன்று காலை பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். உன் வீட்டுக்காரர் உடுத்திக் கழித்தது. சேலைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டுதான் நீ ஏலத்தோட்டத்து வேலைக்கு வருவாய். எத்தனை முறை துவைத்தும் கைமடிப்பில் இருக்கிற கறை போகவில்லை. முகத்தருகே கொண்டுபோனால் ஏலக்காய் வாசமும் டீசல் வாசமும் இன்னும் வருகின்றன. நான்கு வருடத்துக்கு வாசம் நிற்காது என்று என் மகள் சொல்கிறாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு வருகிறது.

சட்டையை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரியாற்று அணைத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிட்டார்கள் என்று நேற்றுத் தெருவில் பேசிக்கொண்டார்கள். வருடா வருடம் இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் நான் இந்தச் சட்டையைத்தான் தேடுவேன். ஊரே நாற்றங்காலுக்கு ஓடுகிற நாளில் ஒருத்தி மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதால் அவளுக்குப் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும், நீயோ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்றேழில் நான் முதன்முதலாகத் தோட்ட ஜீப்பில் ஏறினேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன், கல்யாணமும் முடிந்திருந்தது, கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். கம்பத்திலிருந்து மேற்கு மலையில் ஏறி, கேரளா எல்லையைத் தாண்டித் தோட்டத்துக்குப் போகிற ஜீப். உள்ளே எதிரெதிராக இரண்டு பலகைகள், அவற்றில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எதிரில் இருப்பவளின் மடியும் தூக்குவாளியும் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பின்கதவை இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டால், ஒருத்தி மட்டும் வெளியே பார்த்தபடி அதில் உட்காரலாம். அதை நாம் வால்பலகை என்போம். பனிக்காற்று, புகை, புழுதி எல்லாம் அங்கே உட்காருகிறவளுக்குத்தான். கடைசியாக ஏறுவது நம் தெருவைச் சேர்ந்த ஆறு பேர் என்பதால், அந்தப் பலகைக்கு நாம் ஆறு பேரும் நாள்முறை வைத்திருந்தோம். உனக்கு வெள்ளி. எனக்குச் செவ்வாய்.

முதல் செவ்வாயன்று நான் தயங்கி நின்றபோது நீ வந்து என் தோளைத் தட்டினாய். “ஏ புள்ள, உன் செவ்வாக்கிழமைய எனக்குக் குடுத்துரு. நீ உள்ள போயி உக்காந்து தூங்கு” என்றாய். சும்மா ஒருத்தி இப்படிச் சொல்வாளா என்று எனக்குச் சந்தேகம். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மத்தியானச் சோற்றுக்கு ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் போதும் என்றாய். இவளை மாதிரி ஏமாளி உண்டா என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கதகதப்பான மூலையில் தலையைச் சாய்த்தேன். ஒன்பது வருடம் அப்படியே சாய்ந்துகொண்டிருந்தேன்.

நீ அந்தப் பலகைக்கு ஏன் அலைந்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீதான் தொண்டை வற்ற வற்றச் சொல்லிக்கொண்டே வருவாயே. நீ கடமலைக்குண்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அந்தப் பக்கம் கிணற்றை வெட்டி, வெட்டின கிணற்றை மறுபடியும் தோண்டி, அப்புறமும் வானத்தைப் பார்க்கிற ஊர். இங்கே வந்த முதல் வருடம், தண்ணீர் விட்ட மறுநாள், வளைவில் ஜீப் திரும்பும்போது கீழே கூடலூர் வயல்கள் மின்னுவதைப் பார்த்து நீ போட்ட சத்தத்தில், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். அவர் உன்னைத் திட்டிய திட்டு அந்த வருடம் முழுக்க ஜீப்பில் பேச்சாக இருந்ததாம். நீ அசரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வெளியே பார்த்தபடி, உள்ளே இருக்கிற எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவாய். மேகமலை உச்சியில் மேகம் இறங்கியிருக்கிறது, உத்தமபாளையத்துப் பக்கம் மழை தெரிகிறது, இன்றைக்குத் தென்னந்தோப்புக்கு மேலே புகை படிந்திருக்கிறது. எல்லாரும் தூங்குவார்கள். ஒருநாள் நானும்தான் சொன்னேன், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு வா மதினி, தலை வலிக்கிறது என்று. நீ கோபித்துக்கொள்ளவில்லை. “உங்க ஊருக்காரவுகளுக்குக் கண்ணு எதுக்குடி இருக்கு” என்று மட்டும் கேட்டாய்.

அதற்கு என்னிடம் அப்போது பதில் தயாராக இருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கிறது, எங்கேயும் ஓடிப்போகாது. அதில் என்ன இருக்கிறது, வேலை பார்க்கிறவளுக்கு? மேலே போனால் ஏலம் வேரடியில் காய்க்கிற செடி. பொழுதுக்கும் குத்தவைத்து மண்ணைப் பார்த்தபடிக் காயெடுக்க வேண்டும். தலைக்கு மேலே மரக்கூட்டம், காலில் அட்டை. சாயந்தரம் இறங்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். இதையெல்லாம் உன்னிடம் பெரிய நியாயம் மாதிரிச் சொன்னேன். நீயும் அதே மண்ணைப் பார்த்து அதே அட்டையைப் பிடுங்கிப் போட்டவள்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் நிறைய எழுதப் போவதில்லை. கோடை மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று என் நாள். மழையில் நனையாதே, உள்ளே வா, அந்தப் பலகை இன்று காலியாகவே கிடக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊறுகாயை மட்டும் உன் தூக்குவாளியில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாய்ந்துகொண்டேன். எதிரே இறங்கிய லாரிக்கு வழிவிட ஜீப் பின்னால் நகர்ந்தது. பின்சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியது. ஜீப் கவிழக்கூட இல்லை, ஒருபக்கம் சாய்ந்து நின்றது, அவ்வளவுதான். உள்ளே இருந்த எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. வால்பலகையில் இருந்தவள் மட்டும் கைப்பிடிச் சுவர்க் கல்லில் முதுகு அடிக்க விழுந்தாள்.

என் இடத்தில் நீ விழுந்தாய் மதினி. இதை எத்தனை விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்தாலும் இப்படித்தான் வந்து முடிகிறது.

தேனியில் ஆஸ்பத்திரியில் உன்னை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. முதல் இரண்டு ஞாயிறும் நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயம். ஜீப்பில் ஏறவும் பயம், வேலைக்கும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு வந்தேன். நீ என்னைத் திட்டுவாய் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். நீயோ என் கையைப் பிடித்து, “நேத்துக் காலைல மலையேறும்போது பள்ளத்தாக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. எனக்கு மேல சுத்துற இந்தக் காத்தாடியவே பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு” என்றாய்.

நான் வேலைக்குப் போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போனதாகவே வைத்துக்கொண்டு கதை கட்டினேன். மேகமலைக்குப் பின்னால் சூரியன் வந்தது, வெயில் முதலில் மேகமலை அடிவாரத்து வயலில் விழுந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் வந்தது என்றேன். கிழக்கே உதிக்கிற சூரியன் கிழக்கே இருக்கிற வயலில்தானே முதலில் வெயில் போடும் என்பது என் கணக்கு. நீ முழுதும் கேட்டுக்கொண்டாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்.

“அங்கன முதல்ல விழுகாதுடி. அந்த மலதான் மறைக்குமே. வெயிலு முதல்ல நம்ம பக்கந்தான் விழும். அப்பறந்தான் அங்கிட்டுப் போகும். நீ இன்னும் பாக்கவே இல்லயா?”

மதினி, அந்த நிமிடம் எனக்கு இருந்த அவமானத்தை என்ன சொல்ல. என் இடத்தில் உட்கார்ந்து முதுகை முறித்துக்கொண்டு கிடக்கிறாய். அந்த இடத்திலிருந்து என்ன தெரியும் என்று கேட்டால், அங்கே பிறந்து வளர்ந்தவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதுகூடத் தெரியவில்லை. அழுதேன். நீ அதையும் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல், தண்ணீர் விட்டுவிட்டால் அதையும் பார்த்துச் சொல் என்றாய்.

மறுநாள் ஜீப்பில் ஏறினேன். வால்பலகையை இறக்கச் சொன்னேன். டிரைவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இறக்கிவிட்டார். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். நீ விழுந்த வளைவில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதைத் தாண்டியதும் திறந்தேன்.

நீ சொன்னது சரி. கீழே எல்லாம் இருட்டாகக் கிடந்தது, மேகமலையின் நிழல் பள்ளத்தாக்கு முழுக்கப் போர்வையைப் போர்த்தியது மாதிரிக் கிடந்தது. என் தலைக்கு மேலே, மேற்கு மலையின் உச்சிப்பாறையில் முதல் வெயில் பட்டது. அது மரம் மரமாகக் கீழே இறங்கி என் கால்மாட்டைத் தொட்டு, அடிவாரத்துத் திராட்சைப் பந்தலுக்கு வந்தது. பந்தல் எத்தனை நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தென்னை, அதற்குப் பிறகு ஊர், அதற்குப் பிறகு காய்ந்து கிடந்த நெல்வயல். வெயில் யாரோ நடப்பது போலக் கிழக்கே நடந்துகொண்டே போய், கடைசியில்தான் மேகமலை அடிவாரத்தைத் தொட்டது. முப்பது வயதுவரை இது தினமும் என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அந்த ஞாயிறு அதை உனக்குச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். நடுவில் நிறுத்தி, ஊருக்குக் கிழக்கே ஒற்றைப் பனை நிற்குமே அதில் வெயில் பட்டதா என்று கேட்டாய். பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அடுத்த வாரம் பனையைப் பார்த்து வந்தேன். அந்த வாரம்தான் தண்ணீர் திறந்தார்கள். முதலில் கூடலூர் மின்னியது. சனிக்கிழமை கம்பத்து வயல்களும் மின்னின. உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கொட்டி வைத்தது மாதிரி என்று சொன்னேன். கண்ணாடி இல்லை, கழுவி வைத்த வெங்கலத் தட்டு மாதிரி என்று நீ திருத்தினாய். அதற்கு அடுத்த ஞாயிறு உத்தமபாளையமும் சின்னமனூரும் நிறைந்துவிட்டன என்று சொன்னேன். நீ விரலை மடக்கி ஊர்களை எண்ணினாய். விரல் குச்சி மாதிரி ஆகியிருந்தது. முதுகுப் புண் உள்ளே இறங்கிக் காய்ச்சல் விடாமல் அடித்தது. “டாக்டரு என்னென்னமோ சொன்னாக. எனக்கு ஒன்னும் வெளங்கல” என்று உன் வீட்டுக்காரர் வராந்தாவில் என்னிடம் சொன்னார். விளங்காமல் இல்லை அவருக்கு. சொல்லத்தான் முடியவில்லை.

நீ மட்டும் தண்ணீர்ப் பேச்சிலேயே இருந்தாய். “இங்கிட்டுத்தான் வருது பாத்தியா. அடுத்து வீரபாண்டி. பழனிசெட்டிபட்டிக்கு வந்துட்டா எனக்கு வந்த மாதிரித்தான். பக்கத்துலதான இருக்கு. பாத்துட்டு வந்து சொல்லு” என்றாய். நான் கிளம்பும்போது இன்னொரு முறையும் சொன்னாய்.

இனி நான் யாரிடமும் சொல்லாதது.

கடைசி ஞாயிறு கம்பத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அந்த ஒரு மாதத்தில் எனக்குப் பார்க்கிற பைத்தியம் பிடித்திருந்தது. வீரபாண்டியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. கோயிலுக்கு அப்பால் வயல்களில் நடவுக்குப் பரம்படித்துச் சேற்றைச் சமன்செய்துகொண்டிருந்தார்கள். பழனிசெட்டிபட்டி வந்தபோது சாலையோரத்து வயல் ஒன்றில் தண்ணீர் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. உலர்ந்த கட்டிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து முங்கின. எனக்கு என்ன தோன்றியதோ, பஸ் நின்றதும் இறங்கிவிட்டேன். வாயால் சொல்வதைவிட, தண்ணீரையே கொண்டுபோய் உன் கையில் தொட்டுக் காட்டலாம், முகத்தில் தெளிக்கலாம், மண் வாசத்தோடு நீ முகர்ந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். உனக்கு வாங்கிவைத்திருந்த சோடாவைக் கீழே கொட்டிவிட்டு, வரப்பில் நடந்து போய் அந்தப் பாட்டிலில் வயல்தண்ணீரை மொண்டேன். கலங்கலாக இருந்தது. தெளியட்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்தபோது சும்மா பார்த்துக்கொண்டும் இருந்தேன். மேகமலை தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது, இரண்டு கொக்குகள் வந்து இறங்கின. உன்னிடம் இதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் காலை நேரத்தில், அந்த வரப்பில், நான் சந்தோஷமாக இருந்தேன் மதினி. அதுதான் என்னால் தாங்க முடியாதது. அடுத்த பஸ் வர அரை மணி நேரம் ஆனது.

வராந்தாவில் உன் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“இப்பத்தான் ஆத்தா. கால்மணி நேரம் இருக்கும். விடிஞ்சதுலேர்ந்து உன்னையவேதான் கேட்டுக்கிட்டு இருந்தா. அவ வந்துட்டாளா, தண்ணி எதுவரைக்கும் வந்துருக்குன்னு.”

கால்மணி நேரம். நான் வரப்பில் அரை மணி நேரம் நின்றேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத நாளே இல்லை. ஒன்பது வருடம் பார்க்காமல் தூங்கினேன், அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை இறங்கி நின்று பார்த்தேன். அதற்கு நீ போய்விட்டாய். நேரே வந்திருந்தால் ‘பழனிசெட்டிபட்டிக்கு வந்துவிட்டது மதினி’ என்று உன் காதில் சொல்லியிருப்பேன். மூன்று வார்த்தை. நீ கேட்டிருப்பாய்.

பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். உன் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அதைத் திறந்து உன் உதட்டில் ஒரு சொட்டு விடலாம் என்று கை போனது. உன் மகன் எதிரே நின்றிருந்தான். இந்தச் சேற்றுத் தண்ணீர் என்ன, எங்கே போய் மொண்டாய், எப்போது மொண்டாய் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். விடவில்லை. பிறகு வெளியே போய்க் குழாயடியில் கொட்டினேன். நீ ஒரு மாதம் காத்திருந்த தண்ணீரை ஆஸ்பத்திரிச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தவள் நான். உன் வீட்டுக்காரர் பதினாறாம் நாள் இந்தச் சட்டையை என்னிடம் கொடுத்து, உன் நினைவாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாரா?

அன்றிலிருந்து வாரம் ஆறு நாளும் வால்பலகை என்னுடையது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை, யாருக்கும் அது வேண்டவும் வேண்டாம். நானும் உன்னை மாதிரியே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். உள்ளே புதிதாக வந்திருக்கிற பெண்கள் என்னைப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்கிறார்கள், பிறகு தூங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் சும்மா வாங்க அக்கா என்று போன வாரம் ஒருத்தி சொன்னாள். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த மலை ஓடிப்போகாது என்று அவள் நினைக்கிறாள். மலை ஓடிப்போகாதுதான்.

பார்க்கிறேனே தவிர, உன்னை மாதிரிச் சந்தோஷமாகப் பார்க்க எனக்கு வரவில்லை. அழகாக எதைப் பார்த்தாலும் இந்த நேரத்தில் எங்கே யார் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உடனே ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. யாரிடம் சொல்வது? கேட்டுக்கொண்டிருந்தவள் நீ ஒருத்திதான்.

இன்று காலை வெயில் முதலில் நம் பக்கம்தான் விழுந்தது மதினி. பாறை, மரம், என் காலடி, திராட்சைப் பந்தல், ஊர், ஒற்றைப் பனை. பனையில் பட்டதை நன்றாகப் பார்த்தேன். கூடலூரில் நான்கு வயல்கள் மின்னுகின்றன, கழுவி வைத்த வெங்கலத் தட்டு மாதிரித்தான். நாளைக்கோ மறுநாளோ கம்பத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு நாளும் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று இதே நோட்டில் உனக்கு எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் தேனி வரை பார்த்துக்கொண்டே வருவேன். பழனிசெட்டிபட்டியில் மட்டும் இறங்க மாட்டேன்.